வேண்டாததெல்லாம் பத்திரம்

போனில் எதைத் தொட்டாலும் பதிவாகிறது. நள்ளிரவில் தலைவலிக்குத் தேடிய மாத்திரை, பார்த்துவிட்டு வாங்காமல் விட்ட செருப்பு, பாதியில் நிறுத்திய வீடியோ, எல்லாவற்றுக்கும் தேதி, நேரம் உண்டு. லொகேஷன் ஆனில் இருக்கும்போது ஒரு பூவைப் படம் எடுத்தால் போதும், அட்சரேகை, தீர்க்கரேகை, கேமரா மாடல், நொடி வரை நேரம் என்று எக்ஸிஃப் எனப்படும், படத்தோடு ஒட்டிக்கொள்ளும் தகவல் முழுவதும் அந்தக் கோப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. பூவைத்தானே எடுத்தேன்? நான் நின்ற இடத்தை யார் கேட்டது?

சரி, அழிக்கலாம் என்று போனால் செட்டிங்ஸுக்குள் செட்டிங்ஸ். தேடல் வரலாறு ஒரு மூலையில், இருப்பிட வரலாறு இன்னொரு மூலையில். அழித்த படமும் உடனே போவதில்லை. பல செயலிகளில் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஆனால் பாட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மட்டும் போன் மாற்றியதும் எப்படிக் காணாமல் போகிறது?