மொண்ணைக் கத்திதான் கையை வெட்டும்

போன மாதம் அக்காவின் இடது கட்டைவிரலில் மூன்று தையல். பரங்கிக்காய் நறுக்கும்போது கத்தி வழுக்கிவிட்டது. விஷயம் தெரிந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "அந்தக் கத்தி ரொம்பக் கூரா இருந்திருக்கும், அதான் இறங்கிருச்சு."

நான் போனபோது அந்தக் கத்தி சமையல் மேடையிலேயே கிடந்தது. அதன் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, குறுக்காகத் தடவிப் பார்த்தேன். கரண்டிக் காம்பு மாதிரி வழவழவென்று இருந்தது. தக்காளித் தோல்கூட அதில் அறுபடாது.

நம் வீடுகளில் இந்தப் பயம் ஊறிப்போய்க் கிடக்கிறது. கூரான கத்தி என்றால் ஆபத்து, மொண்ணையாக இருந்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. கூரான கத்தி வைத்த இடத்தில் பிடித்து, அதன் போக்கில் இறங்கும். மொண்ணைக் கத்தி பரங்கித் தோலில் பிடிக்காது. அதை இறக்குவதற்குத் தோள்பட்டையிலிருந்து பாரத்தைப் போடுகிறோம். சட்டென்று வழுக்கினால் அவ்வளவு பாரமும் காயைப் பிடித்திருக்கும் கையில்தான் வந்து விழும். வெங்காயக் கண்ணீரும் இதில் சேர்த்திதான். மழுங்கிய கத்தி வெங்காயத்தை வெட்டுவதைவிட நசுக்குவதே அதிகம். நசுங்க நசுங்கக் கண்ணை எரிக்கும் வாயு கூடுதலாகக் கிளம்பும்.

மிக்ஸிக்கு ஆறாயிரம், எட்டாயிரம் யோசிக்காமல் கொடுக்கிறோம். கிரைண்டரைச் சீராகவே கொடுத்து அனுப்புகிறோம். ஆனால் மூன்று வேளையும் கையில் இருக்கும் கத்தியைக் கடைவீதியில் நாற்பது ரூபாய்க்கு, அதுவும் பிளாஸ்டிக் பிடியின் நிறம் பார்த்து வாங்குகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

ஒரு வீட்டுக்கு இரண்டு கத்தி போதும். ஆறிலிருந்து எட்டு அங்குல அலகுள்ள பெரியது ஒன்று, மூன்று நான்கு அங்குலத்தில் சிறியது ஒன்று. மரக்கட்டையில் செருகிய ஏழு கத்தி செட் வாங்கினால் ஐந்து தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பணத்தை ஒரே கத்தியில் போடுங்கள். வாங்கும்போது கையில் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடிப்பகுதியை இரு பக்கமும் கிள்ளிப் பிடிக்க வேண்டும், மற்ற மூன்று விரல்கள் பிடியைச் சுற்ற வேண்டும். அப்படிப் பிடித்தால் பாரம் முன்னாலும் சாயக் கூடாது, பின்னாலும் இழுக்கக் கூடாது. பிடி ஆடக் கூடாது. பிடிக்கும் அலகுக்கும் நடுவில் அழுக்குச் சேரும் இடுக்கு இருக்கக் கூடாது.

அப்புறம் இரும்பு. ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்திகளில் பெரும்பாலும் 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் உள்ள எஃகைப் பார்க்கலாம். அதன் கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை. ஜப்பானில் சகாய், செகி ஊர்களில் செய்யும் கத்திகள் பலவும் 60ஐத் தொடும், தாண்டவும் செய்யும். கடினம் கூடினால் கூர் நாள்பட நிற்கும், ஆனால் எஃகு நொறுங்கும் தன்மையும் கூடும். நம் சமையலில் சேனைக்கிழங்கு உண்டு, பலாக்காய் உண்டு, கோழி எலும்பு உண்டு. மெல்லிய ஜப்பானியக் கத்தியால் எலும்பைத் தட்டினால் கத்தியின் வாய் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். அதனால் முதல் கத்தியாக ஜெர்மன் பாணியைத்தான் நான் சொல்வேன். கொஞ்சம் மழுங்கினாலும் சீக்கிரம் தீட்டிவிடலாம். இரண்டாயிரம், மூவாயிரத்துக்குள் நல்லதே கிடைக்கிறது. எலும்புக்கு மட்டும் பட்டறையில் அடித்த வெட்டுக்கத்தி ஒன்று தனியாக இருக்கட்டும்.

ஆன்லைனில் அலையலையாகக் கோலம் போட்ட 'டமாஸ்கஸ்' கத்தியை மலிவாகப் பார்த்து மயங்க வேண்டாம். பல கத்திகளில் அந்தக் கோலம் மேலே பொறித்ததுதான், இரும்புக்குள் எதுவும் இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான உருக்கு நம் பக்கத்துச் சரக்கு என்பதால் இதில் எனக்குக் கூடுதல் ஆதங்கம். நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பும் உருக்கும் காய்ச்சிய உலைகளின் தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1819, 1820 வாக்கில், ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து, இந்தியாவிலிருந்து போன உருக்கை ஆராய்ந்திருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் தகரத்தால் தக்காளியைப் பிசைகிறோம்.

சரி, வாங்கியாயிற்று. அதைக் கெடுப்பது எது? முதல் குற்றவாளி எவர்சில்வர் தட்டு. தட்டில் வைத்து வெங்காயம் நறுக்காத வீடு உண்டா? அடுத்தது கிரானைட் மேடை. ஒவ்வொரு வெட்டும் கத்தியின் வாயைக் கல்லில் மோதுகிறது. மரப்பலகை வாங்குங்கள், இல்லையென்றால் கொஞ்சம் மெத்தென்ற பிளாஸ்டிக் பலகை. கறிக்கடையில் புளியமரக் கட்டை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க வெட்டு வாங்கினாலும் அது பிளக்காது, கத்தியையும் கெடுக்காது. நறுக்கியதை ஒதுக்கும்போது கத்தி வாயால் பலகையைச் சுரண்டாதீர்கள், கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே கழுவி, துணியால் துடைத்து வைத்துவிட வேண்டும். சிங்க்கில் பாத்திரங்களுக்கு அடியில் போடவே கூடாது. கத்திக்கும் கேடு, தேய்க்க வருபவர் கைக்கும் கேடு. டிஷ்வாஷரும் வேண்டாம். கரண்டிகளோடு டிராயரில் குலுங்க விடாமல், அட்டையை மடித்து ஓர் உறை செய்து போட்டு வையுங்கள். எங்கள் பாட்டி வாழைப்பூ அரிந்த கையோடு அருவாமணையைத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித்தான் சுவரில் சாய்த்து வைப்பார். துருப்பிடிக்கும் இரும்பு என்பதால் அதற்கு அந்தக் கவனிப்பு கிடைத்தது. எவர்சில்வர் வந்ததும் கவனிப்பு போய்விட்டது.

தீட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அருவாமணையையும் தடித்த வெட்டுக்கத்தியையும் தாராளமாகக் கொடுக்கலாம். மெல்லிய கத்தியைக் கொடுக்கும்போது கவனம். பொறி பறக்கச் சுற்றும் உலர்ந்த கல்லில் நுனி சூடேறி நீலம் பாய்ந்தால், செய்யும்போது காய்ச்சித் தோய்த்ததில் ஏறிய கடினம் அந்த இடத்தில் இறங்கிவிடும். என் கத்தி ஒன்று அப்படிப் போனது. அன்று பளபளவென்று வந்தது, இரண்டே வாரத்தில் பழையபடி மொண்ணை. அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டச் சொல்லுங்கள், பெரும்பாலானோர் கேட்பார்கள்.

அதைவிட நல்லது வீட்டில் ஒரு தண்ணீர்க் கல். 1000 கிரிட் போதும் (கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்). பத்து நிமிடம் தண்ணீரில் போட்டால் முதலில் குமிழ் விடும், அப்புறம் அடங்கும். கல்லை ஈரத்துணி மேல் வையுங்கள், நகராது. கத்தியைப் படுக்க வைத்து, முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் தூக்குங்கள். பெரிய கத்திக்கு அது ஏறக்குறைய 15 பாகைச் சாய்வு. அந்தச் சாய்வு மாறாமல், அடியிலிருந்து முனைவரை தள்ளி இழுக்க வேண்டும். அழுத்தம் அதிகம் தேவையில்லை. கல்லில் சாம்பல் நிறச் சேறு சேரும், அதைக் கழுவாதீர்கள், அதுவும் சேர்ந்துதான் தேய்க்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் விரலால் வெளிப்பக்கமாகத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டும். வாய் முழுக்க அந்தப் பிசிறு ஏறினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். இது தெரியாமல் பாதியில் திருப்புவதால்தான் "எவ்வளவு தேய்ச்சாலும் கூர் ஏறல" என்கிறார்கள். மறுபக்கமும் அதேபோல் தேய்த்து, கடைசியில் மாறி மாறி லேசாக இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பழுத்த தக்காளியின் மேல் கத்தியை அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். தோல் தானாகத் திறக்க வேண்டும்.

கல் இல்லாத அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் சொரசொரப்பான வளையம் இருக்குமே, அதில் தேய்த்தாலும் ஓரளவு கூர் வரும்.

போன ஞாயிறு அக்காவுக்குப் புதுக் கத்தியும் பலகையும் கொண்டு போனேன். கையில் நீட்டினேன். "கத்தியைக் கையில குடுக்காதடா, கீழ வை" என்றாள். பலகை மேல் வைத்தேன், எடுத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அரைப் பரங்கிக்காயை நிறுத்தி வைத்து, பயந்து பயந்து கத்தியை அதன் மேல் வைத்தாள். அது சத்தமில்லாமல் பலகைவரை இறங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு துண்டு போட்டாள். கிளம்பும்போது பரணிலிருந்த பாட்டியின் அருவாமணையை இறக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி என் வண்டியில் வைத்தாள். தீட்டிக்கொண்டிருக்கிறேன்.