லோகோ மாற்றினால் கேம்ரி லெக்ஸஸ் ஆகிவிடுமா?

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்து மெக்கானிக் குழுக்களில் டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸ் பற்றி ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: “லெக்ஸஸ் இஎஸ் என்பது லோகோ மாற்றிய டொயோட்டா கேம்ரிதான். கேம்ரி பார்ட்ஸ் எல்லாமே அப்படியே பொருந்தும்.”

பாதி உண்மை. அதனால்தான் இவ்வளவு வேகமாக ஓடுகிறது.

2018இல் வந்த இஎஸ், 2017இல் வந்த கேம்ரி இரண்டுக்கும் அடித்தளம் (பிளாட்ஃபார்ம்) ஒன்றே: டொயோட்டாவின் ஜிஏ-கே. ஹைப்ரிடில் 2.5 லிட்டர் எஞ்சினும் ஒரே குடும்பம். ஆக, ஆயில் ஃபில்டர் மாதிரி சாமான் பொதுவாக இருப்பதில் அதிசயம் இல்லை. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே கேம்ரியில் 2825 மி.மீ., இஎஸ்ஸில் 2870. அந்த 45 மி.மீ. சும்மா வரவில்லை, பாடியே வேறு. கதவு, பம்பர், ஹெட்லைட் எதுவும் மாறி உட்காராது. அந்த அளவு ஒத்துப்போனது டொயோட்டாவின் இன்னொரு காரான அவலானோடுதான், அது நம்ம ஊரில் விற்கவே இல்லை!

சரி, எது பொருந்தும் என்று எப்படிப் பார்ப்பது? டொயோட்டா பார்ட் எண் பொதுவாக ஐந்து இலக்கம், ஒரு கோடு, மறுபடி ஐந்து இலக்கமோ எழுத்தோ என இருக்கும். முதல் ஐந்து என்ன சாமான் என்று சொல்லும். எந்த வண்டிக்கான வடிவம் என்பது கோட்டுக்கு அப்புறம். ஃபார்வர்டோடு வரும் பார்ட் எண் படத்தில் முதல் ஐந்தைச் சுற்றித்தான் சிவப்பு வட்டம். இரண்டு வண்டியின் பிரேக் பேடுக்கும் அது ஒன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டுமே பிரேக் பேடு. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து முழு எண்ணையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.