ஏசி கேஸ் குடிக்கிறேல்ல, விளங்குதா?

"தம்பி, வருசா வருசம் கேஸ் அடிக்கத்தானே வேணும், போன முறை வந்த பெடியனும் அப்பிடித்தானே சொன்னவன்."

இந்த வசனத்தை இனி ஆரும் எனக்கு முன்னால சொன்னா எனக்கு விசர் வந்திடும், இப்பவே சொல்லிப்போட்டன். வெள்ளவத்தையில கேக்கிறன், பம்பலப்பிட்டியில கேக்கிறன், கொட்டாஞ்சேனையில கேக்கிறன், தெகிவளையில ஒரு ரீச்சர் அன்ரி சொல்றா, கொம்பனித்தெருவில கம்ப்யூட்டர் வேலை செய்யிற பெடியனும் அதையே சொல்றான், படிச்சவை படிக்காதவை எண்டு ஒரு வித்தியாசமும் இல்லை, ஏசி எண்டா கேஸ் குடிக்கும் எண்டு ஊர் முழுக்க நம்பி வச்சிருக்குது.

குடிக்காது. மோட்டச்சைக்கிளுக்குப் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்லை அது. பூட்டின பைப்புக்குள்ள சுத்திச் சுத்தி ஓடும், உள்ளுக்க சூட்டை எடுக்கும், வெளிய கொண்டு போய் விடும், திருப்பி உள்ளுக்க வரும். ஒழுங்காப் பூட்டின ஏசியில பத்து வருசம் போனாலும் பக்டரியில அடிச்சு அனுப்பின அதே கேஸ்தான் கிடக்கும். குறைஞ்சா எங்கயோ லீக், வேற கதையே இல்லை. லீக்கைத் தேடாம மேல மேல கேஸ் அடிச்சிட்டுப் போறவன் உங்கட ஏசியைத் திருத்தேல்ல, தன்ர அடுத்த வருச வேலையை இப்பவே புக் பண்ணிட்டுப் போறான். நீங்களும் காசைக் குடுத்து தேத்தண்ணியும் குடுத்து அனுப்புறீங்கள்.

சரி லீக் எங்க? நான் போய்ப் பாக்கிற இடங்கள்ல பெரும்பாலும் ஃப்ளேர் நட்டடியிலதான். சவுக்காரத் தண்ணியைக் கலக்கித் தடவினா நுரை பொங்கிக்கொண்டு வரும், கண்ணால பாக்கலாம். கொப்பர் பைப்பின்ர வாயை விரிச்சு நட்டைப் போட்டு இறுக்கிறதுதான் ஃப்ளேர், பாக்க லேசு, ஆனா முழு ஏசியும் அந்த நாலு நட்டில தொங்கிக்கொண்டு நிக்குது. பைப்பை கட்டரால நேரா வெட்ட வேணும், ஹக்சோ பிளேட்டால அராவக் கூடாது. வெட்டின பிறகு உள் விளிம்பில நிக்கிற பிசிறை வழிக்க வேணும், வழிக்கேக்க வாயைக் கீழ பாக்கப் பிடிக்க வேணும், இல்லாட்டி அந்தக் கொப்பர்த் தூள் நேரா உள்ளுக்க போய் ஒருநாள் கொம்ப்ரஸருக்கு, அதுதான் கேஸை அமுக்கி ஓட விடுற மெசினுக்கு, சங்கூதும். பிறகு நட்டை முதல்ல பைப்பில போட்டிட்டு (சிரிக்காதேங்கோ, மறந்திட்டு விரிச்சிட்டு பிறகு திருப்பி வெட்டுற ஆக்களை நான் கண்ணால கண்டிருக்கிறன்) வடிவா விரிக்க வேணும். கடைசியா இறுக்கிறது. அதுக்கு டோர்க் ரென்ச் எண்டு, எவ்வளவு விசையில இறுக்கிறம் எண்டு அளந்து காட்டுற ஒரு சாமான் இருக்கு. கால் இஞ்சிப் பைப்புக்கு 14 தொடக்கம் 18 நியூட்டன் மீற்றர், மூண்டு நூல் (3/8 இஞ்சி) பைப்புக்கு 33 தொடக்கம் 42 எண்டு கணக்கு, ஏசியோட வாற புத்தகத்திலயே போட்டிருக்கும். எங்கட வீரர்கள் என்ன செய்யினம் தெரியுமோ, பெரிய சறுக்கு ஸ்பேனரைப் போட்டு கழுத்து நரம்பு புடைக்கிற மட்டும் முறுக்கினம். "நல்லா டைட் பண்ணியிருக்கிறன் அன்ரி!" ஓம் ராசா, டைட் பண்ணி விரிச்ச கொப்பரை வெடிக்கப் பண்ணியிருக்கிறாய். கூட இறுக்கினாலும் லீக், குறைய இறுக்கினாலும் லீக், அதுக்குத்தானே அந்த ரென்ச்சைக் கண்டுபிடிச்சு வச்சிருக்கிறான்.

பைப்பும் அப்பிடித்தான். புறக்கோட்டையில போய் "குறைஞ்ச விலையில கொப்பர் பைப் தாங்கோ" எண்டு கேட்டா கடதாசி மாதிரி ஒண்டைத் தருவினம், கையால நசிச்சாலே மடங்கும். இப்ப வாற ஏசியள்ல இருக்கிற ஆர்32, ஆர்410ஏ ரெண்டுமே பழைய ஆர்22 ஐ விட ஒண்டரை மடங்குக்கும் கூடின அமுக்கத்தில நிக்கிற கேஸ். ஏசி ஓஃப்ல கிடக்கேக்க, 30 பாகை வெயிலில, ஆர்22 எண்டா 160 பிஎஸ்ஐ (அமுக்கத்தை அளக்கிற அலகு) கிட்ட நிக்கும், ஆர்32 எண்டா 265 கிட்ட. அது சும்மா படுத்துக் கிடக்கேக்க, ஓடேக்க மத்தியானச் சூட்டில 400 ஐத் தாண்டும். அதுக்குத்தான் இந்தச் சின்னப் பைப்புகளுக்கு 0.8 மில்லிமீற்றர் தடிப்பு வேணும் எண்டு போட்டிருக்கிறான். பழைய ஆர்22 ஏசியின்ர பைப் சுவரில கிடக்குது, அதிலயே புதுசைப் பூட்டுங்கோ காசு மிச்சம் எண்டு சொல்ற ஆக்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல, அதுக்குள்ள பழைய ஒயில் ஊறிக் கிடக்குது, தடிப்பும் தெரியாது, வாயும் ஏற்கெனவே ஒருக்கா நசிபட்டது.

இனி என்ர உண்மையான கொதி. வெக்கியூம்.

பைப் பூட்டி முடிஞ்சா அதுக்குள்ள காத்து நிக்குது. கொழும்புக் காத்து. கடற்கரைப் பக்கத்து ஈரக் காத்து, ஒரு சட்டையைக் காயப் போட்டா ரெண்டு நாளாகியும் காயாத காத்து. அந்த ஈரம் உள்ளுக்க போனா இந்தப் புது கேஸ்களோட வாற ஒயில் அதை இழுத்து வச்சுக்கொள்ளும், பிறகு அசிட் ஆகும், அந்த அசிட் கொம்ப்ரஸர் வயரிங்கில இருக்கிற பூச்சைத் திண்டு முடிக்கும். ரெண்டு மூண்டு வருசத்தில கொம்ப்ரஸர் ஷோர்ட். அப்ப சனம் பிராண்டைத் திட்டும். அதுக்குத்தான் பம்பைப் போட்டு காத்தை முழுக்க இழுக்கிறது, அமுக்கம் இறங்க இறங்க தண்ணி சாதாரணச் சூட்டிலயே கொதிச்சு ஆவியாகி வெளிய வந்திடும். வெக்கியூமை அளக்கிறது மைக்ரோன் எண்ட சின்ன அலகில, வெளிய நிக்கிற காத்து 760,000 மைக்ரோன், அதை 500 க்குக் கீழ கொண்டு வந்து, பம்பை நிப்பாட்டிப் போட்டு, ஏறுதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்க வேணும். ஊசி வச்ச சாதாரண கேஜில அந்த 500 தெரியவே தெரியாது, அதுக்கு மைக்ரோன் கேஜ் வேணும். ஆனா மைக்ரோன் கேஜ் கிடக்கட்டும், பம்பே கொண்டு வராம வாறாங்கள்! அவுட்டோர் (வெளிய வைக்கிற பெட்டி) வால்வை அலன் கீயால ஒரு சொட்டுத் திறந்து, உள்ளுக்க இருக்கிற கேஸாலயே காத்தை மற்றப் பக்கத்தால "புஸ்" எண்டு தள்ளி விட்டிட்டு, நட்டை இறுக்கி, "சரி அண்ணே ஓன் பண்ணுங்கோ." அஞ்சு நிமிஷம். வீட்டுக்காரர் என்ன சொல்லுவார் தெரியுமோ? "கெட்டிக்காரப் பெடியன், கெதியா முடிச்சிட்டான்." எனக்கு வாற கோவத்துக்கு...

அந்தப் புஸ் எண்டு போறது என்ன எண்டு நினைக்கிறீங்கள். ஆர்32 எண்டா எரியிற கேஸ், ஏ2எல், அதாவது மெல்லமா எரியிற கேஸ் எண்டு ரகம் போட்டிருக்குது. லேசில பத்தாது, காத்தில 14 வீதமளவு கலந்தாத்தான் பத்தும், அதால ஏசியைப் பாத்துப் பயப்பிட வேண்டாம். ஆனா அது காத்தை விடப் பாரம், நிலத்தோட படியும், மூடின சின்ன அறைக்குள்ள பக்கத்தில ஒருத்தன் கேஸ் டோர்ச்சைக் கொளுத்திக்கொண்டு நிண்டா என்ன நடக்கும்? நெருப்புப் பட்டா ஹைட்ரஜன் ஃப்ளோரைட் வரும், அதை மூச்சில எடுத்தா நெஞ்சு பழுது. பூமியைச் சூடாக்கிறதிலயும் பொல்லாதது, ஒரு கிலோ ஆர்32 ஐ வெளிய விட்டா 675 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன், ஆர்410ஏ எண்டா 2088.

நைட்ரஜன் கதைக்கு வாறன். பைப்பை நெருப்புக் காட்டி ஒட்டேக்க உள்ளுக்க மெல்லமா நைட்ரஜன் ஓட விட வேணும், இல்லாட்டி உள் சுவர் கருகி கறுத்தப் பொருக்கு வரும், அது உடைஞ்சு போய் சின்னத் துவாரங்களை அடைக்கும். ஒட்டி முடிஞ்சா நைட்ரஜனாலயே அமுக்கம் ஏத்தி லீக் பாக்க வேணும், படிப்படியா ஏத்தி, புத்தகத்தில சொன்ன அளவு மட்டும், கன ஏசியளுக்கு அது 600 பிஎஸ்ஐ கிட்ட, ரெகுலேற்றர் இல்லாம சிலிண்டரைத் திறக்கவே கூடாது, சிலிண்டருக்குள்ள 2000 க்கும் மேல நிக்குது. இதில ஒரு மகாராசன், பெயர் வேண்டாம், ஒட்டுறதுக்குக் கொண்டு வந்த ஒக்சிஜன் சிலிண்டரையே பைப்பில கொழுவிப் பாக்கப் போறான்! நான் கத்தின கத்தில கீழ் வீட்டு நாயும் குரைச்சுது. அமுக்கத்தில நிக்கிற ஒக்சிஜனும் ஒயிலும் சேந்தா நெருப்புக்குச்சி தேவையில்லை, தன்பாட்டில வெடிக்கும். "கேஸ் எண்டா கேஸ்தானே அண்ணே" எண்டு என்னையே கேக்கிறான். கோதாரி.

வீடு மாறுற ஆக்களுக்கும் ஒண்டு. கழட்டேக்க கேஸ் முழுக்க அவுட்டோருக்குள்ள இழுத்து அடைக்கிறது வழக்கம், முதல்ல சின்னப் பைப் வால்வை மூடி, ஏசியை ஓட விட்டு, பிறகு பெரிய வால்வையும் மூடி, மெசினை நிப்பாட்டி, அதுக்குப் பிறகுதான் நட்டில கை வைக்கலாம். அவசரக் குடுக்கையள் ஓடிக்கொண்டு இருக்கேக்கயே நட்டைக் கழட்டுறாங்கள். கொம்ப்ரஸர் வெளிக் காத்தை இழுக்கும், உள்ளுக்க சூடான ஒயில் நிக்குது, அமுக்க அமுக்க டீசல் எஞ்சின் கணக்கில பத்தி கொம்ப்ரஸரே வெடிச்சுப் பறக்கும். ஜப்பான்ல இதுக்கெண்டே எச்சரிக்கை விட்டிருக்கினம். இஞ்ச லொறிக்காரன் கீழ ஹோர்ன் அடிக்கிறான் எண்டதுக்காகக் கழட்டுறாங்கள்.

எல்லாப் பிழையும் பெடியங்களில எண்டு சொல்ல வரேல்ல. புதுத் தொடர்மாடி கட்டுறவை செய்யிற வேலையைப் பாருங்கோ. பைப்பை எல்லாம் சுவருக்குள்ள புதைச்சு, மேல பூசி, பெயின்ற் அடிச்சு, வடிவா விக்கினம். நுனியை மூடினது என்னத்தால? செல்லோ ரேப்பால. வைகாசி மழையில அதுக்குள்ள தண்ணி போயிருக்கும், சீமெந்துத் தூள் போயிருக்கும், சிலதில நடுச் சுவருக்குள்ள ஃப்ளேர் மூட்டே கிடக்கும், லீக் அடிச்சா சுவரை உடைச்சாத்தான் ஸ்பேனர் போகும். கோடிக்கணக்கில காசு குடுத்து வாங்கின சனம், கடைசியில என்னட்ட வந்து "சுவரை உடைக்காமச் செய்து தாங்கோ தம்பி" எண்டு கேக்குது. நான் என்ன மந்திரவாதியே?

இன்சுலேஷனை ரெண்டு பைப்பையும் சேத்து ஒண்டாச் சுத்திறது, மூட்டடியில வெறுமையா விடுறது, அதால ஒழுகி சீலிங் பூஞ்சணம் பிடிக்கிறது, இதெல்லாம் எழுதினா விடிஞ்சிடும், விடுறன்.

காசுக் கதை. லட்சக்கணக்கில குடுத்து இன்வேர்ட்டர் ஏசி வாங்குவினம், கரண்ட் பில் குறையும் எண்டு. பூட்டுக்கூலியில மட்டும் மீன் சந்தை பேரம். "கடைக்காரன் ஃப்ரீயாப் பூட்டித் தாறன் எண்டவன்." ஃப்ரீ எண்டா ஒரு நாளைக்கு அஞ்சாறு வீடு ஓடினாத்தான் அந்தப் பெடியனுக்குச் சம்பளம் கட்டும், அவன் எப்பிடி உங்கட வீட்டில ஒரு மணித்தியாலம் பம்பைப் போட்டிட்டு நிப்பான்? அவனுக்கு ஆர் டோர்க் ரென்ச் வாங்கிக் குடுத்தது? என்விகியூ எண்ட தொழில் தகைமைப் படிப்புப் படிச்சு சேர்ட்டிபிக்கேட்டோட வாறவனும் படிக்காம வாறவனும் ஒரே கூலி எண்டா படிச்சவன் கட்டாருக்குப் போவான், போயிட்டான், என்ர பழைய கூட்டாளியள் பாதிப் பேர் அங்கதான்.

இதெல்லாத்தையும் விட ஒண்டு. எட்டாம் மாடியில பல்கனிக்கு வெளிய ஒரு முழ அகல விளிம்பில அவுட்டோரை வைக்கச் சொல்லுவினம். நான் பெல்ட்டைக் கட்டி, கயிறை நல்ல இடத்தில கொழுவி, கீழ ஆக்கள் போகாம ஒருத்தனை நிப்பாட்டி, அதுக்குப் பிறகுதான் காலை வெளிய வைப்பன், அதுக்கு நேரம் எடுக்கும். போன மாசம் ஒரு ஐயா உள்ளுக்க கதிரையில இருந்துகொண்டு "இவ்வளவு பந்தா தேவையே, மற்றப் பெடியன் சும்மா ஏறினவன் தானே" எண்டார். உங்கட மகனை ஒருக்கா சும்மா ஏத்திக் காட்டுங்கோ ஐயா, பிறகு நான் ஏறுறன் எண்டு சொன்னன். முகம் கறுத்துப் போச்சு. வேலையும் கிடைக்கேல்ல, போனாப் போகட்டும்.