தட்டச்சுப்பொறியின் தலையில் மட்டும் கட்ட வேண்டாம்
ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி விடுவது தட்டச்சுப்பொறி பெற்றெடுத்த பழக்கம் என்று மேலே உள்ள கட்டுரை ஒரே போடாகப் போடுகிறது, அங்கேதான் இடிக்கிறது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்து ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் புரட்டுங்கள், வாக்கியம் முடிந்த இடத்தில் வெற்றிடம் அகலமாகவே இருக்கும். சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் அச்சு விதிகளுக்காக வெளியிட்ட 1911ஆம் ஆண்டுக் கையேடு, அங்கே ஒரு முழு 'எம்' அளவு, அதாவது எழுத்தின் பாயிண்ட் அளவுக்குச் சமமான அகலம், இடம் விடச் சொன்னது. சொற்களுக்கு நடுவில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அச்சுக்கோப்பவர் செய்ததைத் தட்டச்சர் இரண்டு தட்டில் செய்தார், அவ்வளவுதான். நான் ஆங்கிலத் தட்டச்சில் 'லோயர்' என்ற தொடக்கநிலைத் தேர்வுக்குப் படித்தபோது, தட்டச்சு மாஸ்டர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றை இடைவெளி தெரிந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையால் சுழிப்பார். ஒரு பக்கத்தில் ஏழு சுழி வாங்கிய நாள் இன்னும் நினைவிருக்கிறது. மேலே ஒரு கருத்தில் இதைக் 'கிழட்டுப் பழக்கம்' என்று கேலி செய்த நண்பருக்கு: வயதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கட்டைவிரல் என்னைக் கேட்டுக்கொண்டா தட்டுகிறது? 2020இல் வேர்டு செயலி இதைப் பிழையென்று கோடிட ஆரம்பித்த பிறகும் மாறவில்லை. தமிழில் அடிக்கும்போதும் இரண்டுதான் விழுகிறது. இந்தக் கருத்தையும் அப்படித்தான் அடித்தேன். இணைய உலாவி இரண்டை ஒன்றாகச் சுருக்கிக் காட்டிவிடும் என்பதால் உங்கள் கண்ணில் படாது.