விண்டோஸ் மாற்ற முதல் ஒரு வெறும் டிஸ்க்

லப்டொப்பை விண்டோஸ் 11க்கு மாற்றித் தரச் சொல்லி வெள்ளவத்தைச் சித்தி போன கிழமை கூப்பிட்டார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததிலிருந்து இப்படி அழைப்புகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. பக்கப், அதாவது ஃபைல்களின் இன்னொரு பிரதி, இருக்கிறதா என்று கேட்டேன். "டிஸ்க் ஒண்டு கிடக்கு, அதிலை போடு தம்பி" என்று லாச்சியிலிருந்து எடுத்துத் தந்தார்.

செருகிப் பார்த்தால் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. தங்கச்சியின் கல்யாண வீடியோ, சித்தப்பாவின் அந்தியேட்டிப் படங்கள். இரண்டுக்கும் வேறெங்கும் பிரதி இல்லை.

அது பக்கப் டிஸ்க் இல்லை. அதற்கே ஒரு பக்கப் தேவை. விண்டோஸை மாற்றுவதற்கு முன் வெறும் டிஸ்க் ஒன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்வது பட்ட அனுபவத்தில்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், மேசைக் கணினியிலிருந்த படங்களைக் கொப்பி பண்ணாமல் கட் பண்ணி டிஸ்குக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். இடையில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது, டிஸ்கை ஃபோர்மட் செய்யட்டுமா, அதாவது உள்ளதை அழித்துப் புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்களில் பாதிக்கு மேல் மீளவில்லை. எங்கள் வீட்டில் 83 ஜூலைக் கலவரத்துக்கு முந்திய படம் ஒன்றுகூடக் கிடையாது, ஆல்பங்கள் வீட்டோடு எரிந்தன. அப்படிப்பட்ட வீட்டில் மிஞ்சியதையும் நான் தொலைத்தேன். இன்றைக்கும் அது வலிக்கிறது.

சரி, டிஸ்கை எப்படித் தயார் செய்வது? சித்திக்குப் புதிதாக 1 டெராபைட் ஒன்று வாங்கினோம். செருகினால் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, டிஸ்க் செய்கிறவர்கள் 1000ஆல் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் பெருக்குகிறது. ஃபோர்மட் செய்யும்போது மற்ற டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். டிஸ்குக்கு விண்டோஸ் கொடுக்கிற D, E போன்ற எழுத்தைத் தவறாகத் தெரிவு செய்தால் போனது போனதுதான். ஃபைல்களை டிஸ்கில் அடுக்கும் முறையையும் அப்போது கேட்கும். விண்டோஸுக்கு மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மக் கணினியிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபாட். ஃபாட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை அது ஏற்காது, கல்யாண வீடியோ அதிலேயே சிக்கும். முதல் தடவை மட்டும் 'குயிக் ஃபோர்மட்' அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சில மணித்தியாலம் பிடிக்கும், ஆனால் டிஸ்க் முழுவதையும் எழுதிப் பார்த்துப் பழுதான இடங்களை அது ஒதுக்கிவிடும். லப்டொப்பில் பற்றரி நிறைந்திருக்கட்டும். எதையும் கட் பண்ணாதீர்கள், கொப்பி மட்டும்.

எங்கள் ஆட்கள் மறப்பது எழுத்துருக்களை. சித்தி கோயில் சபைக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில். விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் பாமினி இல்லையென்றால் அந்தத் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். பாமினி ஃபைலையும் சேர்த்துக் கொப்பி பண்ணினோம். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்கத் திறவுகோலைக் கடதாசியில் எழுதி வையுங்கள். அதே லப்டொப்புக்குள் வைத்துப் பிரயோசனமில்லை.

அப்புறம் அந்த டிஸ்கை என் கணினியில் செருகி, கல்யாண வீடியோவை நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஓடவிட்டுப் பார்த்தேன். அந்தியேட்டிப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் திறந்த பிறகுதான் லப்டொப்பில் கை வைத்தேன். பழைய டிஸ்க் சித்தியின் லாச்சிக்கே போனது. புதியது இப்போது தெஹிவளையில் அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது.