நகர மையத்தில் எந்நேரமும் திறந்திருக்கும் கழிவறைகள் வேண்டும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் பொதுக் கழிவறைகள் போதவில்லை என்று யாராவது சொன்னால், தேக்கா நிலையச் சந்தையில் இருக்கிறதே, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இருக்கிறதே, கடைத்தொகுதிகளில் இருக்கிறதே என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. இருப்பது உண்மைதான். ஆனால் அவை யாவும் வேறொரு தேவைக்காகக் கட்டப்பட்ட இடங்களுக்குள் அமைந்தவை. அந்தந்த இடத்தின் நேரத்துக்கும் விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. பெரும்பாலான கடைத்தொகுதிகள் இரவு 10 மணிக்கு மூடப்படுகின்றன. நள்ளிரவை ஒட்டி ரயில் நிலையங்களும் அடைக்கப்படுகின்றன. வணிகத்தையோ ரயிலையோ சாராமல், நகரமே தன் பொறுப்பில் தெருவோரத்தில் கட்டி, இரவு பகலாகப் பராமரிக்கும் கழிவறைகள் நகர மையத்துக்குத் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கழிவறை விஷயத்தில் சிங்கப்பூர் அக்கறையற்ற நாடு அன்று. கழிவை வாளியில் சேர்த்து ஆட்கள் எடுத்துச் சென்ற வாளிக் கழிவறைகள் 1987இல் முடிவுக்கு வந்தன. பொதுக் கழிவறையைப் பயன்படுத்தியபின் நீர் பாய்ச்சாமல் செல்வது 1989 முதல் அபராதத்துக்குரிய குற்றமானது. 2001இல் உலகக் கழிவறை அமைப்பைத் தொடங்கிய ஜாக் சிம் இந்த ஊர்க்காரர். நவம்பர் 19ஆம் தேதியை உலகக் கழிவறை நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2013இல் ஏற்றது, சிங்கப்பூர் முன்வைத்த தீர்மானத்தின் வழியாகத்தான். 2024இல் பொதுக் கழிவறைகளுக்கென ஒரு பணிக்குழுவும் அமைக்கப்பட்டது. இவை அனைத்தையும் நான் மதிக்கிறேன். ஆயினும் நம் முயற்சிகளில் பெரும்பகுதி, இருக்கும் கழிவறை சுத்தமாக உள்ளதா என்பதைப் பற்றியதாகவே இருந்து வருகிறது. அவசரம் வரும் நேரத்தில், வரும் இடத்தில், கதவு திறந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு நாம் இன்னும் உரிய கவனம் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் நடப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாரத்தின் ஒரே ஓய்வுநாளை நண்பர்களோடு திடலிலும் நடைபாதையிலும் அமர்ந்து கழிக்க வரும் வெளிநாட்டு ஊழியர்கள், எந்தக் கடைக்கும் வாடிக்கையாளர்கள் அல்லர். வரிசையாக நிற்கும் பழைய கடைவீடுகள் பலவற்றில் வெளியாருக்கென்று கழிவறை கிடையாது. பொது இடத்தில் சிறுநீர் கழிப்பது குற்றம் என்று சட்டம் சொல்கிறது; சரியான சட்டம்தான். ஆனால் தடை விதிக்கும் நகரத்துக்கு, மாற்று வழியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் கடமையும் உண்டு.

என் தாயார் தேக்காவுக்குக் கிளம்பும் நாட்களில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். இரத்த அழுத்தத்துக்காக அவர் உட்கொள்ளும் மாத்திரை சிறுநீரை அதிகம் வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. இந்த வெயிலில், இந்த வயதில், தாகத்தை அடக்கிக்கொண்டு பூக்கடைக்கும் கோயிலுக்கும் போய்வருவது உடலுக்கு நல்லதல்ல என்று நானும் சொல்கிறேன், மருத்துவரும் சொல்கிறார். இவரைப் போன்ற பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். வெளியே சொல்லக் கூசுகிறார்கள், அவ்வளவுதான். 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார். நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இரவில் உணவு விநியோகம் செய்பவர்கள், தெருக் கூட்டுபவர்கள் என இந்த வரிசை நீளும்.

தெருவில் கழிவறை வைத்தால் அசுத்தமாகும், தவறாகப் பயன்படுத்தப்படும் என்ற அச்சம் நியாயமானது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் இதே அச்சத்துக்கு வடிவமைப்பால் விடை தேடியது. 2008இல் அங்கு முதன்முதலாக வைக்கப்பட்ட கழிவறைக் கூடம் துருப்பிடிக்காத எஃகாலானது; அடிப்பகுதியில் உள்ள இடைவெளிகளால் உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியும்; கை கழுவும் குழாய் வெளிப்புறத்தில் இருப்பதால் யாரும் உள்ளே நெடுநேரம் தங்குவதில்லை. பாரிஸ் தன் தெருக் கழிவறைகளை 2006இல் இலவசமாக்கியது. தோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில் 17 பொதுக் கழிவறைகள், பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களையும் வடிவமைப்பாளர்களையும் கொண்டு 2023க்குள் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டன. நம்மிடம் பணமோ தொழில்நுட்பமோ குறைவில்லை.

முதலில் இரண்டு இடங்களில் தொடங்கலாம்: ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒன்று, சிராங்கூன் சாலையின் மறுகோடியில் ஒன்று. பெண்களுக்கான அறைகள் கூடுதலாக இருக்க வேண்டும்; சக்கர நாற்காலி உள்ளே திரும்பும் அளவுக்கு ஓர் அறையாவது அகலமாக இருக்க வேண்டும்; நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வழிகாட்டிப் பலகைகள் வேண்டும். அங்கு வேலை செய்யும் துப்புரவாளர், பெரும்பாலும் வயது முதிர்ந்தவர், அமர்ந்து சாப்பிட மின்விசிறியுடன் ஒரு சிற்றறை கட்டாயம் வேண்டும். அதை வரைபடம் போடும்போதே சேர்த்துவிட வேண்டும்.