கொழும்புக்கு வழிகாட்டி நாய் வேண்டும், பரிசாக வேண்டாம்

விழிப்புலனற்ற ஒருவரை லப்ரடோர் நாய் ஒன்று வீதி கடத்திக்கொண்டு போகும் காணொளியை இந்தக் கிழமை பலர் பகிர்ந்திருந்தார்கள். கீழே வந்த கருத்துகளில் பாதி, "எங்கட நாட்டுக்கும் நாலு நாயைக் கொண்டுவாங்கோ, காசு நாங்கள் சேர்த்துத் தாறம்." மீதிப் பாதி, "கொழும்பு ரோட்டுக்கு இதெல்லாம் சரிவராது." இரண்டு தரப்பும் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு தரப்புமே நாயை மட்டும்தான் பார்க்கிறார்கள். நாயின் முதுகுப் பட்டியில் உள்ள கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஆளைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

என் அண்ணாவுக்குப் பார்வை இல்லை. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிக் கோட்டைக்குப் போய், ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநராக வேலை செய்கிறார். வழிகாட்டி நாய்களைப் பற்றி நான் தேடித் தேடி வாசித்தது அவர் கேட்ட கேள்விகளுக்காக. அவர் முதலில் கேட்டது, "நாய்க்கு நான் போற இடம் எப்பிடித் தெரியும்?"

தெரியாது என்பதுதான் பதில். எந்த ஒழுங்கைக்குள் திரும்ப வேண்டும், எத்தனையாவது சந்தியில் கடக்க வேண்டும் என்ற வரைபடம் ஆளின் தலைக்குள் இருக்க வேண்டும். நாய் நேர்கோட்டில் நடத்திக்கொண்டு போகும். குறுக்கே சைக்கிள் நின்றால் சுற்றிப்போய் மறுபடி அதே கோட்டுக்குக் கொண்டுவரும். நடைபாதை முடியும் விளிம்பில் நின்றுவிடும். ஆள் காலால் விளிம்பைத் தடவிப் பார்த்து, வாகன இரைச்சலைக் காதால் கணித்து, பிறகுதான் "போ" என்பார். சிக்னல் விளக்கின் நிறத்தைப் பார்த்து நாய் வீதி கடப்பதில்லை. கடக்கும் முடிவு மனிதருடையது.

அந்த முடிவை நாய் மீறும் இடமும் உண்டு. "போ" என்று சொன்ன நேரம் வாகனம் வந்தால் அது அசையாது. நடுவீதியில் என்றால் நிற்கும், அல்லது பின்னுக்கு இழுக்கும். சொல்வதைக் கேட்கவென்றே பழக்கிய ஒரு விலங்குக்கு, எப்போது கேட்கக் கூடாது என்றும் பழக்க வேண்டும். இதற்காகவே பயிற்சி நிலையத்தவர்கள் கார்களை ஓட்டிவந்து குறுக்கே விடுவார்கள், திரும்பத் திரும்ப, வேறு வேறு சந்திகளில். அதோடு, பக்கத்தில் வருபவரின் உயரத்தையும் அகலத்தையும் நாய் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பழக வேண்டும். தாழ்ந்து தொங்கும் கிளை நாயைத் தொடாது, மனிதரின் நெற்றியில் இடிக்கும். இரண்டு ஓட்டோக்களுக்கு இடையில் நாய் நுழைந்துவிடும், மனிதரின் தோள் நுழையாது. பயிற்சி முடியும் கட்டத்தில் பயிற்றுநர் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு, அந்த நாயை நம்பித் தெருவில் நடந்து பார்ப்பார்.

பயிற்சிக்கு முந்தின காலமும் நீண்டது. ஏறக்குறைய எட்டுக் கிழமைக் குட்டியாகத் தன்னார்வக் குடும்பம் ஒன்றிடம் கொடுப்பார்கள். ஒரு வருடம், சிலவேளை அதற்கும் மேல், அந்தக் குடும்பம் குட்டியைச் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் கடைக்கும் வைத்தியசாலைக்கும் கூட்டிக்கொண்டு போகும். சத்தம், கூட்டம், படிக்கட்டு, விழுந்து கிடக்கும் சாப்பாடு, குரைக்கும் மற்ற நாய்கள் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் அமைதியாக இருக்க அது பழகுவது அந்தக் காலத்தில்தான். அதற்குப் பிறகு பயிற்சி நிலையத்தில் நாலைந்து மாதம். இவ்வளவும் செய்து கடைசியில் "இந்த நாய் இந்த வேலைக்குப் பொருந்தாது" என்று விலக்கப்படுபவையும் நிறைய.

இப்போது கொழும்பை யோசியுங்கள். அந்தக் குட்டியை எங்கே கூட்டிக்கொண்டு போவது? பல அடுக்குமாடிகளில் நாயே வளர்க்க விடுவதில்லை. சுப்பர்மார்க்கெட் வாசலில் காவலாளி மறிப்பார், அவர் மேல் பிழை சொல்ல முடியாது, அவருக்குக் கொடுத்த உத்தரவு அது. பஸ்ஸில் ஏற விட மாட்டார்கள். வீதியே பழகாத நாயை எந்த நாட்டிலிருந்து விமானத்தில் இறக்கினாலும், காலி வீதியில் அது முதல் நாளே திணறும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நாயையும் ஆளையும் பொருத்திப் பார்க்கும் வேலை. நம் வீடுகளில் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதைவிட இது கவனமாக நடக்கிறது. விண்ணப்பித்தவரின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, வேலைக்கு எப்படிப் போகிறார், ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பார், சந்தடியான பாதையா அமைதியான பாதையா என்று கேட்பார்கள். பிறகு பயிற்றுநரே நாயின் இடத்தில் நின்று கைப்பிடியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவரோடு நடப்பார். அவரது வேகம் என்ன, காலடி எவ்வளவு நீளம், எவ்வளவு இழுவை அவருக்குச் சுகமாக இருக்கிறது, குரல் உறுதியானதா மென்மையானதா என்பதெல்லாம் அந்த நடையில் தெரிந்துவிடும். விறுவிறு என்று நடப்பவருக்கு நிதானமான நாய் வந்தால் இரண்டு பேருக்கும் சலிப்பு. மெதுவாகப் பேசும் ஒருவருக்கு முரட்டுத் துடிப்புள்ள நாய் வந்தால் அது அவரை இழுத்துக்கொண்டு ஓடும். நல்ல நாய் என்றால் எவருக்கும் கொடுத்துவிடலாம் என்ற கதையே அங்கே இல்லை.

சேர்த்துவைத்த பிறகும் மூன்று நாலு கிழமை இருவரும் சேர்ந்தே பயிற்சி எடுக்க வேண்டும். அதுவரை மாதக்கணக்காக அந்த நாயோடு பழகிய பயிற்றுநர் வேண்டுமென்றே ஒதுங்கி நிற்பார். நாய் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும் கவனிக்காதவர் போல இருப்பார், அதன் பாசம் புதியவரிடம் போக வேண்டும் என்பதற்காக. இதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பத்து வயதை நெருங்கும்போது நாய்க்கு ஓய்வு. அதன்பின் இன்னொரு நாய், இன்னொரு பொருத்தம், எல்லாம் முதலிலிருந்து.

இன்னும் ஒரு விடயம். வெள்ளைப் பிரம்போடு தனியே பாதுகாப்பாக நடக்கத் தெரிந்தவரைத்தான் பொதுவாக இந்த நிலையங்கள் எடுக்கின்றன. வரைபடம் தலைக்குள் இருக்க வேண்டும் என்றேன் அல்லவா? அதை நாய் கற்றுத்தராது, அது முன்பே இருக்க வேண்டும். வசதியான நாடுகளிலும் விழிப்புலனற்றவர்களில் மிகச் சிறு பங்கினரிடம்தான் வழிகாட்டி நாய் இருக்கிறது. மற்றவர்கள் பிரம்போடு நடக்கிறார்கள், நன்றாகவே நடக்கிறார்கள்.

என் கோபம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 15, வெள்ளைப் பிரம்பு தினத்தில், மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, வரிசையாக நிறுத்திப் பிரம்பு கொடுத்துப் படம் எடுக்கிறோம். அந்தப் பிரம்பை எப்படி வீச வேண்டும், எந்த ஒலியைக் கேட்டால் சுவர், எந்த ஒலியைக் கேட்டால் திறந்த வெளி, பஸ் படியை எப்படிக் கணிப்பது என்று ஆளோடு கூட நடந்து சொல்லிக்கொடுக்க எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்? அண்ணாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் தானும் பார்வையற்ற ஒரு முதியவர், நட்புக்காகச் செய்தார். கோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸை அண்ணா கண்டுபிடிப்பது கண்டக்டரின் "கொட்டுவ, கொட்டுவ" என்ற கூவலை வைத்து. அந்தக் கூவல் பலருக்குத் தலையிடி, அண்ணாவுக்கு அது பெயர்ப்பலகை.

வழிகாட்டி நாயையும் அந்த மேடையில் ஏற்றிப் படம் எடுத்துக் கொடுத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். அமெரிக்காவில் 1929இல் தொடங்கிய சீயிங் ஐ என்ற வழிகாட்டி நாய்ப் பயிற்சி நிலையம், ஒரு நாயை உருவாக்கப் பல்லாயிரம் டொலர் செலவழிக்கிறது. ஆனாலும் முதல் நாய்க்கு ஆளிடம் 150 டொலர் வாங்குகிறது. செலவை ஈடுகட்ட அந்தப் பணம் எந்த மூலைக்கும் காணாது. இது தானம் இல்லை, என் நாய், என் காசில் எடுத்தது என்று அவர் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும் என்பதற்காக வாங்குகிறார்கள். அந்த நிலையம் பிறக்கக் காரணமான மொரிஸ் ஃபிராங்க் என்ற விழிப்புலனற்ற இளைஞர், 1928இல் 'படி' (Buddy) என்ற தன் நாயோடு நியூயோர்க்கின் நெரிசலான வீதியைப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் கடந்து காட்டினார். அவருக்குத் தேவைப்பட்டது இன்னொருவரின் கையை எதிர்பார்க்காமல் நடப்பது.

"எங்கட நாட்டுக்குச் சரிவராது" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. உலகின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளியை ஜேர்மனியின் ஓல்டன்பேர்க்கில் 1916இல் தொடங்கியது, போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக. போரில் கண்ணிழந்தவர்கள் இங்கே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஜப்பானிலேயே பழக்கிய முதல் வழிகாட்டி நாய் 1957இல் வேலைக்கு வந்தது, டோக்கியோ ரயிலைவிட நெரிசலான இடம் எது? நாய்களைப் பழக்கத் தெரிந்த கைகளும் இந்த நாட்டில் உண்டு. கண்டியில் பொலிஸ் நாய்ப் பிரிவு இருக்கிறது. வன்னியில் கண்ணிவெடி தேடவும் நாய்கள் வேலை செய்திருக்கின்றன. முஸ்லிம் சகோதரர்கள் ஏற்க மாட்டார்கள் என்று சிலர் தாங்களாகவே முடிவுகட்டி எழுதியிருந்தார்கள். 2008இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், மார்க்க அறிஞர்களின் கருத்தைக் கேட்டு, ஒரு பள்ளிவாசல் தன் வளவுக்குள் வழிகாட்டி நாய்க்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. கேட்டால் கதைக்கலாம், கேட்காமல் அவர்கள் பெயரில் மறுப்பது நியாயமில்லை.

தெருநாய்ப் பிரச்சினை மட்டும் உண்மையானது. மற்ற நாயைக் கவனிக்காமல் நடக்க ஒரு நாயைப் பழக்கலாம், கூட்டமாகப் பாய்ந்து கடிப்பதைக் கவனிக்காமல் நடக்கப் பழக்க முடியாது. கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் ஒழுங்காக நடக்காத வட்டாரத்தில் வழிகாட்டி நாயை இறக்குவது அந்த நாய்க்கும் ஆளுக்கும் செய்யும் கொடுமை. நண்பகல் தாரின் சூடும் அப்படித்தான், வேலை நேரத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டி வரும்.

சட்டம் இல்லாத நாடு இல்லை இது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதி பற்றி 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்திக் கட்டளையிட்டது. அப்படியிருந்தும் பார்வையற்றவர்கள் வழி உணர நடைபாதையில் பதித்த மஞ்சள் புடைப்புக் கற்களின் மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பிரம்பு அதில் முட்டி நின்றால் யாராவது ஓடிவந்து அண்ணாவின் புஜத்தைப் பிடித்து இழுப்பார்கள். அவர் பொறுமையாகச் சொல்வார், "என்னைப் பிடிக்காதேங்கோ, உங்கட முழங்கையை நான் பிடிக்கிறன்." நாயோடு வருபவரைக் கண்டால் நாம் நாயைத் தடவுவோம், பிஸ்கட் கொடுப்போம், செல்ஃபி எடுப்போம். வேலைப் பட்டி போட்ட நாயைத் தொட்டால் அதன் கவனம் சிதறும், விழுவது அந்த மனிதர்.

ஆகவே காசு சேர்க்கத் தயாராக இருப்பவர்களிடம் கேட்கிறேன். முதலில், தனியே நடமாடச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்கள் சிலருக்கு ஒரு வருடச் சம்பளம் போடுங்கள். 1912இல் தொடங்கிய, பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை இரத்மலானையில் இருக்கிறது, விழிப்புலனற்றோரின் சங்கங்கள் இருக்கின்றன, எங்கே தொடங்குவது என்று அவர்களிடமே கேளுங்கள். சட்டம் தெரிந்தவர்கள், வழிகாட்டி நாயையும் பழகும் குட்டியையும் பஸ்ஸிலும் கடையிலும் மறிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒழுங்குவிதி ஒன்றை எழுதிக் கொடுங்கள். அதன்பிறகு, 1989இல் உருவான சர்வதேச வழிகாட்டி நாய்ச் சம்மேளனத்தின் தரத்துக்கு ஏற்ற ஒரு நிலையத்தைப் பற்றிக் கதைப்போம், நானும் என் பங்குக் காசைத் தருகிறேன். நடமாட்டப் பயிற்சி கொடுக்கும் அனுபவமுள்ளவர்கள், கொழும்பிலோ வெளியிலோ, உட்பெட்டியில் எழுதுங்கள். அண்ணாவும் அவருடைய நண்பர்களும் உங்களோடு கதைக்கத் தயாராக இருக்கிறார்கள்.